புகைக்கொரு வழி

மன்னர்கள் மாண்ட நாளும் மணிமுடி மாறிய நாளும் வரலாற்று ஏடுகளில் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. எந்தக் கோட்டைக்கு எத்தனை வாயில், எந்தப் படையில் எத்தனை யானை என்பதற்கெல்லாம் கணக்குண்டு. அந்தக் கோட்டைக்குள்ளே அடுப்பும் எரிந்தது. அடுப்பிலிருந்து புகையும் எழுந்தது. அந்தப் புகை எவ்வழியே வெளியேறிற்று என்று கேட்டால் மட்டும் ஏடுகள் வாய்மூடி நிற்கின்றன. புகைக்கும் ஒரு வரலாறா என்று நகைப்போர் நகைக்கட்டும். தீ மூட்டக் கற்ற நாள்தொட்டு அத்தீயின் அருகே நெடுநேரம் குனிந்து நின்றவள் பெண். அவள் கண்ணைக் கரித்ததும் அவள் நெஞ்சில் படிந்ததும் வரலாறு அன்று என்று எப்படித் தள்ளுவது?

குறுந்தொகையின் 167ஆம் பாடலை அறியாத தமிழ் மாணவர் இரார். கூடலூர் கிழார் பாடியது. புதுமனைவி தயிர் பிசைந்து குழம்பு வைக்கிறாள். தாளிக்கும்போது எழுந்த புகை மைதீட்டிய அவள் கண்களில் நிறைகிறது. உண்ட கணவன் சுவையாக இருக்கிறதென்று சொல்ல, அவள் முகம் மெல்ல மலர்கிறது. நயமான பாட்டு, அதன் நயத்தை நாமும் போற்றுகிறோம். ஆயினும் அந்தப் புகை கண்ணில் நிறைவதற்கு முன்பே கூரை வழியே ஏன் போய்விடவில்லை என்று கேட்ட உரையை நாம் இதுவரை கண்டதில்லை. இல்லறத்தின் இன்பத்தில் கண் கலங்குவதும் ஒரு பகுதி என்று எண்ணிவிட்டார்கள் போலும்!

புகை போகும் வழியை அமைப்பது அரிய கலையன்று. சூடேறிய காற்று இலேசாகும். இலேசான காற்று மேலே எழும். அது எழும் பாதையை ஒரு குழாய்க்குள் அடக்கி, குழாயின் மேல்வாயைக் கூரைக்கு வெளியே திறந்துவிட்டால் புகை தானே போய்விடும். குழாய் உயர உயர இழுக்கும் ஆற்றலும் மிகும். கீழே புதுக்காற்று நுழைய ஒரு வழி வேண்டும். இல்லையேல் போக மறுத்த புகை அறைக்குள்ளேயே சுழலும். அடிப்படை இவ்வளவே. இதைக் கண்டறிய மாபெரும் விஞ்ஞானி தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வேறொன்று. அது என்னவென்று காண்பதற்கு, இந்த வழி எப்போது எவருக்குத் திறந்தது என்பதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கட்டடங்களும் எழுத்துச் சான்றுகளும் ஒருசேர நமக்குக் கிடைக்கும் நாடு இங்கிலாந்து. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

கெண்ட் மாவட்டத்தில் பென்ஸ்ஹர்ஸ்ட் என்றொரு மாளிகை உண்டு. ஜான் டி புல்ட்னி என்ற இலண்டன் வணிகர் 1341இல் எழுப்பியது. அதன் பெருங்கூடத்தின் நட்டநடுவே எட்டுமூலையாக ஓர் அடுப்புமேடை இன்றும் இருக்கிறது. சுவரோரம் அன்று, கூடத்தின் நடுவே! கட்டைகள் அங்கே எரியும். புகை நெடிய கூரையை நோக்கி எழும். உச்சியில் விட்டிருந்த திறப்பு வழியே போனது போக மிச்சம் கூடத்திலேயே தங்கும். விருந்தினரும் வேலைக்காரரும் நாய்களும் அதே காற்றையே உண்டனர். புகையிலாவது சமத்துவம் இருந்ததே என்று மகிழ்ந்துவிட வேண்டா. பிரபுவுக்குத் தனியே மேலறை உண்டு. கண் எரிந்தால் அவர் எழுந்து போய்விடலாம். அடுப்பில் கட்டையைத் தள்ளுகிறவருக்கு எழுந்துபோக இடமில்லை.

வேறு வழி அக்காலத்தார்க்குத் தெரியாதோ என்றால், தெரியும். பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகைக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நார்மானியர் கோல்செஸ்டரில் கட்டிய கோட்டையில் அடுப்புகள் சுவருக்குள்ளே அமைந்துள்ளன. புகை சுவரின் உள்ளேயே சிறிது தூரம் ஏறி, வெளிச்சுவரில் விட்ட துளைகளின் வழியே போய்விடும். கிளாஸ்டன்பரி மடத்துத் தலைவரின் சமையற்கூடம் 14ஆம் நூற்றாண்டினது. நான்கு மூலைக்கும் ஓர் அடுப்பு. மேலே எட்டுப் பக்கக் கூரை. அதன் உச்சியில் புகையும் ஆவியும் போக ஒரு கூண்டு. துறவியர் நன்றாகவே உண்டிருக்கிறார்கள் என்பதும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் விளங்கும். படைத்தலைவன் கோட்டையிலும் மடாதிபதியின் கூடத்திலும் புகைக்கு வழி இருந்தது. உழவன் குடிசையில் இல்லை. அங்கே வழி வந்து சேர மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின.

வந்து சேர்ந்த காலத்துக்கு நல்லதொரு சாட்சி இருக்கிறார். எசெக்ஸ் பகுதியில் ராட்விண்டர் என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், இங்கிலாந்தின் நிலையை விரித்து எழுதிய நூல் 1577இல் வெளிவந்தது. தம் ஊர் முதியோர், தம் வாழ்நாளில் வியக்கத்தக்கபடி மாறியவை மூன்று என்று சொன்னதாக அதில் குறித்திருக்கிறார். படுக்கை வசதி பெருகியது ஒன்று. மரக்கலங்கள் போய் உலோகக் கலங்கள் வந்தது மற்றொன்று. எங்கு நோக்கினும் புகைபோக்கிகள் முளைத்துவிட்டது இன்னொன்று. அவர்கள் இளைஞராக இருந்தபோது உள்நாட்டு ஊர்களில் இரண்டோ மூன்றோ புகைபோக்கிகள் இருந்தால் மிகுதியாம்.

ஏன் அந்த நேரத்தில் பெருகின? கருணையால் என்று சொல்வதற்கில்லை. செங்கல் மலிந்தது ஒரு காரணம். விறகு அருகி விலை ஏறியதால் நகரத்தார் நிலக்கரிக்கு மாறியது மற்றொரு காரணம். விறகுப் புகையோடு கூடத்தில் அமர்ந்து உண்ட பெரியோரால் கரிப்புகையோடு அமர முடியவில்லை. வீட்டுத் தலைவன் இருமத் தொடங்கியதும் சுவரில் வழி பிறந்தது!

ஹாரிசன் நூலில் நமக்கு மிகவும் பயன்படுவது அடுத்த செய்தி. புகைபோக்கி வந்ததை வரவேற்கவில்லை அவர், வருந்துகிறார். புகைபோக்கி இல்லாத காலத்தில் தலைவலி அறியோம், இப்போது சளியும் நீர்க்கோவையும் வந்துவிட்டன என்பது அவர் குறை. புகை வீட்டு மரங்களை உறுதிப்படுத்தும், வீட்டாரைச் சளி அண்டாமல் காக்கும் மருந்தாகும் என்பது அன்றைய நம்பிக்கை. படித்தவர், பாதிரியார், நூலாசிரியர்! அவரே அப்படி எழுதினார் என்றால், கைநாட்டுக்காரர் எப்படிப் பேசியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வாதத்தை நாம் கேட்டறியாதவர் அல்லோம். கூரைவீட்டில் புகை படிந்தால் ஓலையில் பூச்சி பிடிக்காது, மூங்கில் உளுக்காது என்று நம் பாட்டிமார் சொன்னதுண்டு. அதில் பாதி உண்மையும் உண்டு. புகை படிந்த கூரை நெடுநாள் உழைக்கும். ஆனால் கூரைக்கு நுரையீரல் இல்லை. பழமையை விடமாட்டேன் என்பவன் எந்த நாட்டிலும் எந்தச் சமயத்திலும் ஒரே மொழிதான் பேசுகிறான்: முன்னோர்க்கு வந்ததா இந்த நோய்? வந்தது, பெயர் வைக்கத் தெரியவில்லை, முதுமை என்றும் விதி என்றும் சொல்லிப் புதைத்தார்கள்.

புகைபோக்கி பெருகியதும் அரசின் கண் அதன்மேல் விழுந்தது. இரண்டாம் சார்லஸ் காலத்தில், 1662இல், ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் என்று வரி போட்டார்கள். அதிகாரிகள் வீடு வீடாக நுழைந்து அடுப்பை எண்ணினர். வரிக்கு அஞ்சி அடுப்பை அடைத்து மறைத்தவரும் உண்டு. மக்கள் வெறுப்பு முற்றியதால் 1689இல் புதிய அரசு அதை நீக்கியது. அரசரின் காதல் கதைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு இந்த அடுப்பு வரியைச் சொல்லிக்கொடுத்தால், அக்கால மக்களின் வாழ்வு கூடுதலாக விளங்கும் என்பது வகுப்பறையில் நாம் கண்டது.

அடுத்து வருவது கசப்பான பகுதி. கரி எரியும் புகைபோக்கியில் கரி படியும். அதைச் சுரண்டாவிட்டால் தீப்பிடிக்கும். குழாயோ குறுகல், வளர்ந்தவன் நுழைய முடியாது. ஏழைகளின் பிள்ளைகளைப் பிடித்து உள்ளே ஏற்றினார்கள். முழங்கையும் முழங்காலும் உராய்ந்து குருதி கசிய, ஐந்து ஆறு வயதுச் சிறுவர்கள் இருட்டுக் குழாய்க்குள் ஏறினார்கள். அவர்கள் வளர்ந்தபின் அவர்களுக்கென்றே ஒரு புற்றுநோய் வருவதை பெர்சிவல் பாட் என்ற இலண்டன் மருத்துவர் 1775இல் எடுத்துரைத்தார். தொழிலால் புற்றுநோய் வருமென மருத்துவ உலகம் முதன்முதலாக அறிந்தது இந்தப் பிள்ளைகளின் உடலைக்கொண்டு. எட்டு வயதுக்குக் கீழே கூடாதென்று 1788இல் ஒரு சட்டம்; இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் ஏறலாகாதென்று 1840இல் மற்றொரு சட்டம். இரண்டும் ஏட்டளவில் கிடந்தன. 1875இல் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு புகைபோக்கியில் சிக்கி இறந்த பின்னரே, ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால், காவல்துறையின் உரிமம் வேண்டுமென்ற கடுஞ்சட்டம் வந்து அக்கொடுமையை முடித்தது. உயர்குடியினர் கூடத்தில் புகை இல்லாதிருக்க ஏழைச் சிறுவன் புகைக்குள் போனான். வீட்டில் ஓரிடத்தில் இருந்த துன்பத்தை எளியவன் தலைக்கு மாற்றிவிட்டு அதற்கு நாகரிகம் என்று பெயர் சூட்டுவது, மேனாட்டிலும் நடந்தது.

மூடிய அடுப்பு அமைத்து விறகையும் புகையையும் குறைக்கும் வழியை ரம்ஃபோர்டு பிரபு வகுத்தார். 1790களில் மியூனிக் நகர ஏழைகளுக்கு உணவு சமைக்கும் கூடத்தில் அவர் செய்த ஆராய்ச்சி அது. வீட்டுக் காற்றைப் பற்றிப் பெண்ணின் குரல் ஓங்கி ஒலித்தது அமெரிக்காவில். அடிமை முறையைச் சாடிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ புதினத்தின் ஆசிரியர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவை நம் வாசகர் அறிவர். அவருடைய தமக்கை கேதரின் பீச்சர். இருவரும் சேர்ந்து எழுதிய இல்லப் பராமரிப்பு நூல் 1869இல் வெளிவந்தது. சமையலறையையும் அடுப்பு இருக்கும் இடத்தையும் கண்ணாடிக் கதவுகளால் பிரித்து, வெப்பமும் நெடியும் வேலை செய்பவரிடம் வராமல் தடுக்கும் வரைபடம் அதில் இருக்கிறது. கெட்ட காற்று வெளியேற என்ன வழி, நல்ல காற்று உள்ளே வர என்ன வழி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். சமையலறை ஓர் உழைப்புக்கூடம், அங்கே நிற்பவர் உழைப்பாளி, உழைப்பாளிக்குக் காற்று வேண்டும் என்ற எண்ணம் அந்த நூலில் ஓடுகிறது. அடுப்பைத் தெய்வமாக்கி, அதன் முன் நிற்பவளைப் பூசாரியாக்கி, காற்றை மட்டும் மறுக்கும் சூழ்ச்சி அதில் இல்லை.

தீயின் வெம்மை மட்டுமே புகையைத் தூக்கிய காலம்வரை புகைபோக்கி கூரைக்கு மேல் உயர வேண்டியிருந்தது. மின்விசிறி அந்தத் தேவையை நீக்கிற்று. விசிறி தள்ளினால் புகை படுக்கைவாட்டத்திலும் போகும். அடுப்புக்கு மேலே கவிழ்த்த கூண்டு, அதிலிருந்து ஒரு குழாய், வெளிச்சுவரில் ஒரு துளை என்ற அளவில் கருவி சுருங்கிவிட்டது. 1930களில் அமெரிக்க வீடுகளில் இத்தகைய விசிறிக் கூண்டுகள் புகுந்தன. இன்று நம் ஊர்க் கடைகளில் ‘சிம்னி’ என்று விற்கப்படுவது இதன் வழித்தோன்றல்தான். கோல்செஸ்டர் கோட்டைச் சுவரின் துளை ஒன்பது நூற்றாண்டு சுற்றி, அடுக்குமாடி வீட்டின் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

புகை வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் மிகத் தெளிவான சான்று கிடைத்த இடம் சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் உள்ள சுவான்வெய். அந்த வட்டாரத்துப் பெண்கள் பெரும்பாலும் புகை பிடிப்பதில்லை. ஆயினும் சீனத்தில் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் மிகுந்த இடங்களில் அது ஒன்று. காரணம் தேடிய அறிஞர்கள் அவர்களின் அடுப்பங்கரைக்குள் நுழைந்தனர். தரையில் ஒரு குழி. குழியில் மிகுந்த புகை கக்கும் நிலக்கரி. புகை வெளியேற வழியே இல்லை. 1970களிலிருந்து அங்குள்ள குடும்பங்கள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறத் தொடங்கின. 21,232 உழவர்களின் வாழ்க்கையை 1976 முதல் 1992 வரை தொடர்ந்து ஆராய்ந்த முடிவு 2002இல் வெளிவந்தது. புகைபோக்கி வைத்துக்கொண்டவர்களில் நுரையீரல் புற்றுநோய் ஆடவரிடையே 41 விழுக்காடும் பெண்டிரிடையே 46 விழுக்காடும் குறைந்திருந்தது.

இதைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். எரித்தது அதே வகை நிலக்கரி. ஊரும் அதே ஊர். புதிய மருந்து எதுவும் ஊட்டப்படவில்லை. புகைக்கு ஒரு குழாய் வைத்தார்கள். ஏறத்தாழப் பாதி நோய் விலகிற்று. குழாய் வைத்த மறுநாளே அல்ல, பத்து ஆண்டுகள் போல் சென்றபின் பயன் தெரிந்தது. நுரையீரல் பழைய கணக்கை உடனே மறப்பதில்லை. நேர்ந்துகொண்ட மொட்டைக்கும் காணிக்கைக்கும் பலன் நாளையே கிடைக்குமென நம்புகிறவர்க்குப் பத்து ஆண்டுக் கணக்கு சலிப்பூட்டலாம். ஆனால் எண்ணிப் பார்த்து மெய்ப்பிக்கப்பட்ட பலன் இதுவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே புகைக்கு வழி காண முயன்றவரே இல்லை என்று சொல்வது பழியாகும். வார்தாவில் 1947இல் மகன் சூல்ஹா என்ற மேம்பட்ட அடுப்பு உருவாயிற்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, சேற்று மண்ணாலேயே பல பானைகள் ஏற்றத்தக்க புகைபோக்கி அடுப்பை வகுத்தார். கோடிக்கணக்கானோர்க்குப் புகையில்லாச் சமையலறை என்ற கருத்தில் அவர் எழுதிய ஆங்கில நூல் 1953இல் நம் சென்னையிலேயே அச்சாகியது. புகை, கரி, வெப்பம், விரயம், தீவிபத்து ஆகிய ஐந்திலிருந்தும் பெண்ணுக்கு விடுதலை என்பது அவர் நோக்கம். நாட்டு விடுதலைக்கு ஆறாண்டு கழித்து அடுப்பங்கரை விடுதலையைப் பற்றி ஒரு பொறியியலார் எழுதினார். விடுதலை நாளைக் கொடியேற்றிக் கொண்டாடும் நாம், இந்த நூலை நினைவில் வைத்திருக்கவில்லை.

1980களில் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2002இல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. எண்ணிக்கை பெரிது, பலன் சிறிது. ஏன்? ஒடிசாவின் சிற்றூர்களில் இத்தகைய புகைபோக்கி அடுப்புகளைப் பின்னாளில் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் கண்டது இதற்கு விடையாகும். முதலாண்டில் புகை குறைந்தது. அதன்பின் அந்தப் பயன் மறைந்தது. அடுப்பு உடைந்தால் பழுதுபார்க்கவில்லை, குழாயைத் துடைக்கவில்லை, ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை. கொடுத்தவர் கொடுத்ததோடு போய்விட்டார். குடும்பத்துக்கும் அது முதன்மையான செலவாகப் படவில்லை. மிதிவண்டியின் சங்கிலி அறுந்தால் அன்று மாலையே கடைக்குப் போகிறது. புகைபோக்கி உடைந்தால், அடுத்த மழைக்காலம் போகட்டும் என்கிறார்கள். மிதிவண்டியை ஓட்டுபவர் யார், அடுப்பை ஊதுபவர் யார் என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

தமிழ்நாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுவோம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நம் மாநிலத்தின் 4 மாவட்டங்களில் 436 ஊரக வீடுகளின் காற்றை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். விறகும் சாணமும் எரிக்கும் வீடுகளில், சமைப்பவர் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் கன மீட்டருக்குச் சராசரி 231 மைக்ரோகிராம். சமையலில் ஈடுபடாதவருக்கு 90. அதே வகை வீடு, அதே கூரை, அதே சோறு. தூசியில் மட்டும் இரண்டரை மடங்கு வேறுபாடு! குடும்பம் ஒரே குடை நிழலில் வாழ்கிறது என்று மேடையில் பேசுவோர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.

அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட நாடு இது. அவளுக்குப் படிப்பை மறுத்தவர்கள் காற்றையும் மறுத்தார்கள். கல்யாண வீட்டில் ஆடவர் கூலிக்குச் சமைக்கும்போது கோட்டை அடுப்பு கொல்லைப்புறத்தில், திறந்த வெளியில் தோண்டப்படுகிறது. புகை வானத்துக்குப் போகிறது. அந்தத் திருமணத்தில் மாலை சூடிய பெண், மறுவாரமே வீட்டின் இருண்ட மூலையில் சன்னல் இல்லாத அறைக்குள் அனுப்பப்படுகிறாள். சமையலறை வெளியார் கண்ணில் படக்கூடாது, தீட்டு, கண்ணேறு என்று சொல்லி அடைத்த சுவரெல்லாம் புகையைத்தான் அடைத்தன.

அந்தச் சுவரில் துளையிட அவளுக்கு உரிமை உண்டா? இங்கேதான் அடுப்புக்கும் சட்டத்துக்கும் தொடர்பு வருகிறது. வீடு மாமனார் பெயரில். பிறகு கணவன் பெயரில். பிறகு மகன் பெயரில். செங்கல் ஒன்றைப் பெயர்க்கவும் மற்றொருவர் இசைவு வேண்டும். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தபோது ஏளனம் செய்தவர் பலர். அறுபது ஆண்டு கழித்து, 1989இல், கலைஞர் ஆட்சியில் அது தமிழ்நாட்டின் சட்டமாயிற்று. சொத்துரிமை என்றால் நகையும் நிலமும் என்றே எண்ணுகிறோம். தன் மூச்சுக்காகத் தானே சுவரில் ஒரு வழி திறக்கும் உரிமையும் அதில் அடங்கியிருக்கிறது.

2006க்குப் பின் தமிழ்நாட்டு அரசு ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கிற்று. 2016இல் நடுவண் அரசும் நாடளாவிய இணைப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஊதுகுழல் பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது, மகிழ்ச்சி. உருளை தீர்ந்து மறு உருளைக்குப் பணம் இல்லாத நாள்களில் அது மீண்டும் இறங்கி வருகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் மாசால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது.

எரிவாயு வந்துவிட்டால் புகைக்கு வழி எதற்கு என்று கேட்போரும் உண்டு. விறகுப் புகைதான் போயிற்று. எண்ணெய்ப் புகை போகவில்லை. கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியை மாந்தருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவற்றின் வரிசையில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2010இல் வெளியிட்ட தொகுதியில் வைத்திருக்கிறது. எரிவாயுச் சுடரிலிருந்தும் நைட்ரசன் டை ஆக்சைடு எழும். அது கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குழாய்க்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் இன்றைய நகர வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. அடுப்புக்கு மேலே பளபளக்கும் கண்ணாடிச் சிம்னி. பொத்தானை அழுத்தினால் பெருஞ்சத்தம். குழாயைத் தேடினால் குழாயே இல்லை. உறிஞ்சிய காற்றைக் கரித்தூள் வடிகட்டி வழியே செலுத்தி மீண்டும் அதே அறைக்குள் விடும் வகை அது. எண்ணெய்ப் பிசுக்கு ஓரளவு தங்கும். நெடி சில மாதம் குறையும். வெப்பமும் நீராவியும் கரியமில வாயுவும் கார்பன் மோனாக்சைடும் திரும்பி வந்து சமைப்பவர் முகத்திலேயே மோதும். வேறு சில வீடுகளில் குழாய் உண்டு. அது பரண்மேல் போய் அங்கேயே முடிந்துவிடுகிறது. பிசுக்கு படிந்த பரணில் தீப்பற்றினால் என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. பென்ஸ்ஹர்ஸ்ட் கூடத்தின் உச்சியில் திறப்பாவது இருந்தது!

குறை கருவியில் இல்லை. வீடு கட்டுமுன் போட்ட வரைபடத்தில் இருக்கிறது. பூசையறைக்கு எந்த மூலை, வாசலுக்கு எந்தத் திசை என்று வாஸ்து சோதிடருக்குத் தட்சிணை வைத்துக் கேட்கிறார்கள். கார் நிறுத்த அளந்து இடம் விடுகிறார்கள். அடுப்பின் காற்று எந்தச் சுவர் வழியே போகும் என்று கேட்பதில்லை. சமையலறையை வீட்டின் நடுவில் அடைத்துவிட்ட பின் குழாய் எங்கே போகும்? நாலடியில் வெளியேற வேண்டியது, மூன்று வளைவு வளைந்து, பதினைந்தடி ஓடி, ஒவ்வொரு வளைவிலும் வலுவிழந்து நிற்கிறது.

செய்ய வேண்டியது எளிது. அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி இருக்கட்டும். கூண்டு அடுப்பைவிட அகலத்தில் குறையாமல், அதற்கு இரண்டடி முதல் இரண்டரை அடி உயரத்தில் அமையட்டும். சமைப்பவர் தலையில் இடிக்காத உயரத்தை அவரையே நிற்கவைத்து அளக்க வேண்டும், மேத்திரி தன் உயரத்துக்கு அளந்துவிடக் கூடாது. ஆறு அங்குல வட்டக் குழாய், இயன்றவரை வளைவின்றி நேராக, சுவரைக் கடந்து திறந்த வெளிக்குப் போகட்டும். அடுத்த வீட்டாரின் சன்னலுக்கு நேரே அன்று. வெளிவாயில் மழையும் பறவையும் நுழையாதபடி, காற்று தள்ளினால் திறந்து நின்றால் மூடிக்கொள்ளும் தட்டு வேண்டும். காற்று வெளியே போனால் உள்ளே வரவும் வேண்டுமாதலால் எதிர்ப்புறச் சன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். வடிகட்டியை மாதந்தோறும் வெந்நீரில் கழுவ வேண்டும்; அந்த வேலையை வீட்டு ஆடவர் ஏற்றுக்கொள்வதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. வாங்க வசதியில்லாத வீட்டில் சுவரின் உச்சியில் ஒரு சிறு விசிறி போதும். அதுவும் இயலாத குடிசையில் அடுப்புக்கு மேலே ஒரு மண்குழாய் போதும், ராஜு காட்டிய அதே குழாய்.

செங்கல் அடுக்கும் நாளிலேயே ஆறு அங்குலக் குழாய்த்துண்டு ஒன்றைச் சுவரில் வைத்துப் பூசிவிட்டால், பின்னாளில் சுவரை உடைக்கும் கூலியும் இல்லை. கொத்தனார் அந்த வரிசைக்கு வருமுன், அந்த அடுப்பில் நிற்கப்போகிறவர் வந்து இடத்தைக் காட்டட்டும்.